தேனீக் கூட்டைக் கொளுத்தாமல் பெட்டிக்கு மாற்றுவது எப்படி?

கொழும்பில் வோட்டர் மீட்டர் பெட்டிக்குள்ளோ, சீலிங் மூலையிலோ, பின்வளவில் கிடக்கும் பழைய அலுமாரியிலோ தேனீ கூடு வைத்துவிட்டால் உடனே மண்ணெண்ணெயும் தீப்பந்தமும்தான் வெளியே வருகின்றன. ஒரு கூட்டத்தில் ஆயிரக்கணக்கான தேனீக்கள் இருக்கும், அத்தனையும் ஓர் இரவில் கருகிப் போவதைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. அந்தக் கூட்டத்தை உயிரோடு பெட்டிக்கு மாற்றலாம். அவசரப்படாத இரண்டு பேரும் ஒரு பின்னேரமும் போதும்.

முதலில் அது என்ன பூச்சி என்று தூரத்தில் நின்று பாருங்கள். பொந்துக்குள், இருட்டில், பல தேன்வதைகள் பக்கம் பக்கமாகத் தொங்கினால் அது நமது பொந்துத் தேனீ. பெட்டியில் வளர்ப்பது இதைத்தான். உயர்ந்த கட்டடத்திலோ பெரிய மரத்திலோ வெளிப்படையாக ஒரே ஒரு பெரிய வதை தொங்கினால் அது மலைத்தேனீ. சிகிரியாவில் ஆட்களை விரட்டுவது அதுதான், கிட்டப் போகவே வேண்டாம். சாம்பல் நிறத்தில் காகிதம் போன்ற கூடென்றால் குளவி. அதற்கும் இந்த முறை சரிவராது. வெளிநாட்டுப் படங்களில் வரும் மயிரடர்ந்த பம்பிள்பீ இலங்கையில் இல்லை. இங்கே கூரை மரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டு கூட்டமாகத் தாக்காது, அதை அப்படியே விட்டுவிடலாம். மரக்கிளையில் திடீரெனக் கொத்தாக வந்து தொங்கும் தேனீக்களையும் தொடாதீர்கள், பெரும்பாலும் ஓரிரு நாளில் அவையே வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

கூடு சுவருக்குள் ஆழமாக இருந்தாலோ, ஏணி வைத்து ஏற வேண்டியிருந்தாலோ, முன்பு கொட்டு வாங்கி மூச்சுத் திணறியவர் நீங்கள் என்றாலோ இதில் இறங்க வேண்டாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்து வழி கேளுங்கள். பண்டாரவளை பிந்துனுவெவவில் அவர்களுக்குத் தேனீ வளர்ப்புக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது.

தேவையானவை

பொந்துத் தேனீக்கான அளவில், வதையைத் தாங்கும் மரச் சட்டங்களோடு ஒரு தேன்பெட்டி, மெல்லிய கத்தி, வாளியில் தண்ணீர், ஊறவைத்த வாழைநார், ஒரு பிளாஸ்டிக் கோப்பை, பழைய பால்மா டின்னில் புகைய வைக்கக் காய்ந்த தேங்காய்ப் பொச்சு. வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை, தடித்த காற்சட்டை, அதன் கால் நுனியை மூடி இழுத்துவிட்ட காலுறை, தொப்பிக்கு மேலே நுளம்பு வலை. சென்ட் பூச வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி யன்னல்களைச் சாத்தவும் நாயை உள்ளே கட்டவும் கேளுங்கள். தொடர்மாடி என்றால் இது கட்டாயம்.

வேலையைத் தொடங்குதல்

மழையில்லாத நாளாகப் பார்த்து, பின்னேரம் நாலரை, ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வரும் என்பதால் வானத்தைப் பார்த்து முடிவெடுங்கள். கூட்டின் வாயில் இரண்டு மூன்று தடவை மெல்லப் புகை காட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். புகை பட்டதும் தேனீக்கள் வயிறு நிறையத் தேனைக் குடித்துக்கொள்ளும், கோபமும் தணியும். புகை கையில் சுடாத அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். யாருக்காவது கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே வழித்தெடுத்து அந்த இடத்தில் புகை காட்டுங்கள். கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழம் போல ஒரு வாசனை கிளம்பும், அது மற்றத் தேனீக்களையும் அங்கே கூப்பிடும். முகம், நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ வேலையை அப்படியே விட்டுவிட்டு 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

இனி ஓரத்து வதையிலிருந்து ஒவ்வொன்றாக அறுங்கள். மேற்பகுதியில் தேன் இருக்கும், கீழே முட்டையும் புழுவும் மூடிய அறைகளும். பலர் இந்த இடத்தில்தான் தேனுக்கு ஆசைப்பட்டுப் புழு வதையைத் தூக்கி எறிகிறார்கள். நமக்கு முக்கியம் அந்தப் புழு வதைதான்! தன் குஞ்சுகளை விட்டுக் கூட்டம் இலேசில் போகாது. வேலைக்கு நடுவில் ராணி செத்துப்போனாலும், முட்டையோ இளம் புழுவோ இருந்தால் அதிலிருந்து புது ராணியை அவையே வளர்த்துக்கொள்ளும். தேன் பகுதியை வெட்டித் தனியே வையுங்கள், இல்லாவிட்டால் அதன் பாரத்தில் வதை உடைந்து தேனீக்கள் தேனில் மூழ்கிச் சாகும்.

புழு வதையைச் சட்டத்தின் மேற்கட்டையோடு ஒட்டப் பிடித்து, இரண்டு இடத்தில் வாழைநாரால் கட்டுங்கள். தலைகீழாக மாறிவிடக் கூடாது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு அறையும் வாய்ப்பக்கம் சற்று மேல்நோக்கிச் சரிந்திருப்பது தெரியும், அந்தச் சரிவு அப்படியே இருக்க வேண்டும். சில நாளில் தேனீக்களே மெழுகு வைத்து வதையை ஒட்டிவிட்டு, நாரைக் கடித்துக் கடித்து வாசலுக்கு வெளியே இழுத்துப் போடும்.

அப்புறம் ராணி. உடல் நீண்டு, இறக்கை முதுகில் பாதிதான் மூடியிருக்கும். வெளிச்சத்துக்குப் பயந்து இருட்டு மூலைக்கு ஓடுவாள். கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை, தேனீக்கள் திரளாக இருக்கும் இடத்தில் கோப்பையால் மெல்ல அள்ளிச் சட்டங்களின் மேல் கொட்டுங்கள். ராணி பெட்டிக்குள் வந்துவிட்டால், வாசலில் நிற்கும் தேனீக்கள் பின்பக்கத்தை உயர்த்திக்கொண்டு இறக்கையை வீசும், வெளியே சுற்றுபவை அந்த வாசனையைப் பிடித்து வரிசையாக உள்ளே நடக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு எப்போதும் நிம்மதி வரும். மாறாக, எல்லாம் பழைய மூலைக்கே திரும்பித் திரண்டால் ராணி இன்னும் அங்கேதான், மறுபடி அள்ளுங்கள்.

இடம் மாற்றுதல்

பெட்டியின் வாசல் பழைய கூட்டின் வாயருகே இருக்கும்படி வைத்து, இருட்டும் வரை காத்திருங்கள். வெளி லைட்டுகளை அணைத்துவிடுங்கள். டோர்ச் தேவையென்றால் சிவப்புத் தாள் சுற்றிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சம் அவற்றுக்குத் தெரியாது. எல்லாம் உள்ளே போனதும் வாசலைக் கம்பி வலையால் மூடுங்கள். ஓட்டோவில் ஏற்றினால் வதைகளின் விளிம்பு முன்னும் பின்னும் பார்க்கும்படி வையுங்கள், பிரேக் அடித்தால் வதைகள் பக்கவாட்டில் ஆடி மோதாது. புது இடம் இரண்டு மூன்று கிலோமீட்டராவது தள்ளி இருப்பது நல்லது, இல்லாவிட்டால் மறுநாள் காலையில் பறக்கப் போனவை பழைய இடத்துக்கே திரும்பும். அதே வளவுக்குள்தான் வைக்க முடியுமென்றால், நாளுக்கு இரண்டடி வீதம் மெல்ல நகர்த்துங்கள்.

காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கும் இடம் பாருங்கள். எறும்பு ஏறாமலிருக்கத் தாங்கியின் கால்களை டின்னில் நிறுத்துவது வழக்கம். கொழும்பில் அந்த டின்னில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டெங்கு நுளம்பு பெருகும்; பழைய எஞ்சின் ஒயில் ஊற்றுங்கள்.

நமது தேனீக்கு இடம் பிடிக்காவிட்டால் கூண்டோடு பறந்துவிடும் பழக்கம் உண்டு. அதனால் வாசலில் மூடிய கம்பி வலையை எடுத்துவிட்டு, முதல் ஒரு வாரத்துக்கு, வேலைக்காரத் தேனீ மட்டும் நுழையக்கூடிய ராணித் தடுப்பை வாசலில் பொருத்துங்கள். சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்த பாகை, பொழுது சாயும் நேரத்தில், பெட்டிக்குள்ளேயே சின்னக் கிண்ணத்தில் வைத்து, மூழ்காமலிருக்க இரண்டு குச்சியும் போடுங்கள். கடைத் தேன் கொடுக்க வேண்டாம், அதில் நோய் வரலாம். பெட்டியை அடிக்கடி திறக்காமல் வாசலைக் கவனித்தாலே போதும். பின்னங்கால்களில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் உள்ளே போனால் குஞ்சுகளுக்குச் சாப்பாடு போகிறது, தங்க முடிவெடுத்துவிட்டன என்று அர்த்தம். அதன்பிறகு தடுப்பைக் கழற்றிவிடலாம்.

பழைய பொந்தில் ஒட்டியிருக்கும் மெழுகைச் சுரண்டி, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, அந்த வாரமே சீமெந்தாலோ கம்பி வலையாலோ அடைத்துவிடுங்கள். மெழுகு வாசனை மிஞ்சினால் அடுத்த கூட்டம் அங்கேயே வந்து குடியேறும்.