பெயர் ஜேபிஜி, உள்ளே வேறு: பைத்தானில் கோப்பின் உண்மையான வகையைக் கண்டுபிடிப்பது

தக்கலையில் எங்கள் மைனி ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறார். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் அளவு படம், பிரிண்ட் அவுட் எல்லாம் அங்கே நடக்கும். ஒரு நாள் இரணியலிலிருந்து ஒரு பாட்டி வந்தார். வளைகுடாவில் இருக்கும் பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை ஒரு விண்ணப்பத்தில் ஏற்ற வேண்டும். கோப்பின் பெயர் ஜேபிஜி என்றுதான் முடிந்தது. ஆனால் மூன்று தடவை ஏற்றியும் விண்ணப்பத் தளம் வாங்கவில்லை. "நல்லா பாரு மக்களே, செல்லுல படம் தெளிவாத்தானே தெரியுது" என்றார் பாட்டி.

அவர் சொன்னதும் சரி, தளம் மறுத்ததும் சரி. ஐபோன் எடுத்த, ஹெச்இஐசி என்ற வேறு வகைப் படம் அது. யாரோ பெயரின் கடைசியை மட்டும் ஜேபிஜி என்று மாற்றியிருந்தார்கள். எக்ஸ்டென்ஷன் என்பது வெளியே ஒட்டிய சீட்டு மட்டுமே. சீட்டை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது.

குளச்சல் கடற்கரையில் மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். கோப்புக்கும் அப்படி ஒரு இடம் உண்டு. அதுதான் அதன் முதல் சில பைட்டுகள். அதைப் பார்க்கத்தான் இந்தப் பாடம். பைத்தான் 3 உங்கள் கணினியில் இருந்தால் போதும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு வேலை செய்துவிடுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய், ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை மறைத்தே வைத்திருக்கும். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அது பொய்யா மெய்யா என்று எப்படிச் சொல்வது?

இந்த வேலைக்கென்றே பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பு உண்டு, அதை லைப்ரரி என்பார்கள். அதற்குப் போகும் முன் ஒரு தடவை கையாலேயே பார்த்துவிடுவோம். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இது புரிந்துவிட்டால் லைப்ரரி செய்வது எல்லாம் விளங்கிவிடும். கீழே வரிகளைத் தமிழ் ஒலிப்பில் தருகிறேன். பைத்தானின் சொற்களையும் எக்ஸ்டென்ஷன்களையும் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். "கோப்பு", "வகை" போன்ற மாறிப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

வித் ஓப்பன்("படம்.ஜேபிஜி", "ஆர்பி") ஆஸ் கோப்பு:
    பிரிண்ட்(லிஸ்ட்(கோப்பு.ரீட்(12)))

"ஆர்பி" என்றால் எழுத்தாக மாற்றாமல் பைட்டுகளை அப்படியே படி என்று பொருள். ரீட்(12) முதல் 12 பைட்டுகளை எடுக்கும். லிஸ்ட் அவற்றை எண்களாகக் காட்டும்.

உண்மையான ஜேபிஜி படம் 255, 216, 255 என்று தொடங்கும். பிஎன்ஜி என்றால் 137, 80, 78, 71. பிடிஎஃப் என்றால் 37, 80, 68, 70. பாட்டியின் படத்தில் வந்ததோ இது:

[0, 0, 0, 36, 102, 116, 121, 112, 104, 101, 105, 99]

முதல் நான்கு எண்கள் அந்தப் பகுதியின் நீளம். அடுத்த நான்கையும் எழுத்தாக்கினால் "எஃப்டிஒய்பி". எம்பி4 வீடியோவிலும் இதே இடத்தில் இதே நான்கு வரும். அதனால் அங்கே நிறுத்தக் கூடாது, கடைசி நான்கையும் பார்க்க வேண்டும். 104, 101, 105, 99 என்பது "ஹெச்இஐசி". கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

இப்படி எல்லா வகைக்கும் எண்களை மனப்பாடம் செய்ய முடியாது. யூனிக்ஸில் 1973-லிருந்தே இதற்கென்று ஃபைல் என்ற கட்டளை இருக்கிறது. இன்று லினக்ஸில் அந்தக் கட்டளைக்குப் பின்னால் இருப்பது லிப்மேஜிக் என்ற லைப்ரரி. அதைப் பைத்தானிலிருந்து கூப்பிட பைத்தான்-மேஜிக் என்ற லைப்ரரி உண்டு. நிறைய வகைகளை அறியும், லினக்ஸ்காரர்கள் அதையே எடுக்கலாம். ஆனால் விண்டோஸில் லிப்மேஜிக்கைத் தனியாகக் கொண்டுவர வேண்டும், புதியவர்கள் அங்கேயே சோர்ந்துவிடுவார்கள். அதனால் முழுக்கப் பைத்தானிலேயே எழுதப்பட்ட ஃபைல்டைப் என்ற லைப்ரரியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கமாண்ட் பிராம்ப்டில் இதை அடியுங்கள்:

பிப் இன்ஸ்டால் ஃபைல்டைப்

அப்புறம் ஒரு புதிய பைத்தான் கோப்பில்:

இம்போர்ட் ஃபைல்டைப்
வகை = ஃபைல்டைப்.கெஸ்("படம்.ஜேபிஜி")
இஃப் வகை இஸ் நன்:
    பிரிண்ட்("தெரியவில்லை")
எல்ஸ்:
    பிரிண்ட்(வகை.எக்ஸ்டென்ஷன், வகை.மைம்)

மைம் என்பது கோப்பு வகையை இணையத்தில் குறிக்கும் பெயர். உங்கள் நிரலுக்கு மட்டும் ஃபைல்டைப் என்று பெயர் வைத்துவிடாதீர்கள். வைத்தால் இம்போர்ட் வரி லைப்ரரியை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே இழுத்துக்கொண்டு வரும், பிழைச் செய்தியைப் பார்த்தும் காரணம் பிடிபடாது.

ஒரு கோப்புக்கு வேலை செய்தால் ஒரு ஃபோல்டருக்கும் செய்யும். மைனியின் கணினியில் இப்போது ஓடுவது இதுதான்:

ஃப்ரம் பாத்லிப் இம்போர்ட் பாத்
இம்போர்ட் ஃபைல்டைப்
ஃபார் கோப்பு இன் பாத்("வந்தவை").இட்டர்டிர்():
    இஃப் கோப்பு.இஸ்_ஃபைல்():
        சீட்டு = கோப்பு.சஃபிக்ஸ்.லோயர்().ஸ்ட்ரிப்(".")
        வகை = ஃபைல்டைப்.கெஸ்(எஸ்டிஆர்(கோப்பு))
        உள்ளே = வகை.எக்ஸ்டென்ஷன் இஃப் வகை எல்ஸ் "தெரியவில்லை"
        இஃப் சீட்டு != உள்ளே:
            பிரிண்ட்(கோப்பு.நேம், உள்ளே)

லோயர் இல்லாவிட்டால் பெரிய எழுத்தில் முடியும் பெயர்கள் எல்லாம் தவறு என்று வரும். ஜேபிஜி, ஜேபிஇஜி இரண்டும் ஒன்றுதான். லைப்ரரி எப்போதும் ஜேபிஜி என்றே சொல்லும் என்பதால், சீட்டு ஜேபிஇஜி என்றிருந்தால் அதை ஜேபிஜி ஆக்கும் ஒரு வரியை நீங்களே சேர்த்துப் பாருங்கள். நல்ல பயிற்சி.

இந்த நிரல் எந்தக் கோப்பின் பெயரையும் மாற்றவில்லை, பட்டியல் மட்டும் போடுகிறது. வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். வாடிக்கையாளரின் சான்றிதழில் கை வைக்கும் முன் கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டும். பெயரைச் சரிசெய்தாலும் ஹெச்இஐசி படம் ஜேபிஜி ஆகிவிடாது, அதற்குத் தனியாக மாற்றும் வேலை உண்டு. பேரனிடம் ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் பகுதிக்குப் போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னோம். இனி எடுக்கும் படம் ஜேபிஜியாகவே வரும்.

லைப்ரரியின் பதிலையும் எதுவரை நம்பலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 80, 75, 3, 4 என்று தொடங்கினால் அது ஜிப், அதாவது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதி. வேர்டின் டாக்எக்ஸ், எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் ஏபிகே எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். டாக்எக்ஸ் போன்றவற்றை லைப்ரரி கொஞ்சம் உள்ளே போய்ப் பிரித்துச் சொல்லும். ஏபிகே பல சமயம் வெறும் ஜிப் என்றே வரும். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பி ஏமாற்றுகிற காலம் இது. பத்திரிகை என்று வந்த கோப்பு ஜிப் என்று காட்டினால் திறக்காதீர்கள். 77, 90 என்று தொடங்கினால் அது விண்டோஸில் ஓடும் நிரல், அதையும் தொடாதீர்கள். ஆனால் வகை சரியாக இருப்பதாலேயே கோப்பு பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. பிடிஎஃப் என்று சரியாகக் காட்டும் கோப்பிலும் தீங்கு இருக்க முடியும்.

"தெரியவில்லை" என்று வந்தால் பயப்பட வேண்டாம். சாதாரண உரைக் கோப்புக்குத் தொடக்க அடையாளம் எதுவும் கிடையாது, அதனால் லைப்ரரி கைவிரித்துவிடும். அங்கே நாம் முதலில் எழுதிய இரண்டு வரிகள் உதவும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் அ, ந போன்ற தமிழ் எழுத்துக்கும், அதோடு சேரும் கால், கொம்பு, புள்ளி போன்ற குறிக்கும் தலா மூன்று பைட்டுகள், முதல் இரண்டும் 224, 174 அல்லது 224, 175 என்றுதான் வரும். மைனியின் ஃபோல்டரில் எக்ஸ்டென்ஷனே இல்லாமல் ஒரு கோப்பு கிடந்தது. ஓட்டிப் பார்த்தால் 224, 174, 168. அது "ந". பெயரின் பின்னால் டிஎக்ஸ்டி சேர்த்து நோட்பேடில் திறந்தோம். நாகர்கோவில் முகவரி ஒன்றோடு, மைனி பல நாளாய்த் தேடிக்கொண்டிருந்த ஒரு விண்ணப்பத்தின் விவரம் முழுக்க அதில் இருந்தது.