தீவு கிரிட்டில் காத்தாடி சேர்த்தால் என்ன ஆகும்? கணினியில் பார்க்கலாம்

ஆடி மாதம் பல்லடம், கேத்தனூர் பக்கம் வந்தால் மின்சாரம் எடுக்கும் காத்தாடிகள் (காற்றாலைகள்) ராத்திரி பகல் பார்க்காமல் சுற்றும். மிஞ்சுகிற மின்சாரத்துக்குப் போக்கிடம் உண்டு. 2013 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்க ஒரே கிரிட், அதாவது ஒன்றோடொன்று இணைந்த ஒரே மின்வலை. (அப்படியும் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள், அது தனிக்கதை.) தீவுக்கு அந்த வசதி கிடையாது.

பழகிப் பார்க்க யாழ்ப்பாணத்துத் தீவுகளை எடுத்துக்கொள்வோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சேர்த்து இந்திய உதவியில் திட்டமிட்டது: காற்று 530 கிலோவாட், சோலார் 1700, டீசல் 2500, பேட்டரி 2400 யூனிட். நிஜத்தில் மூன்றும் தனித்தனி. நாம் ஒரே தீவாகவே வைத்துக்கொள்வோம்.

1. தரவு. நாசா பவர் தளத்தில் வரைபடத்தில் இடத்தைத் தொட்டு, மணிவாரியாக வெயிலையும் 50 மீட்டர் உயரக் காற்றையும் இறக்குங்கள், இலவசம்தான். நேரத்தைக் கவனியுங்கள். நான் முதல்முறை யூடிசி (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) என்பதைப் பார்க்காமல் விட்டேன். நெடுந்தீவில் காலை ஆறரைக்கே உச்சி வெயில்!

2. எக்செல். நேரே மென்பொருளுக்குப் போகாதீர்கள். வருடத்துக்கு 8760 வரிசை. ஒவ்வொன்றிலும் தேவையிலிருந்து சோலாரையும் காற்றையும் கழியுங்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு, அதனால் சராசரி வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவோம். எந்த வேகத்தில் எவ்வளவு மின்சாரம் வரும் என்று காத்தாடிக் கம்பெனி தரும் பவர் கர்வைத்தான் பயன்படுத்த வேண்டும். ராத்திரி 2 மணிக்குத் தேவை 200 கிலோவாட், காற்று முழுவீச்சில் 530 என்று வையுங்கள். மிச்சம் 330. இதே நிலை நீடித்தால் காலி பேட்டரிகூட ஏழரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். அப்புறம் காத்தாடியை நிறுத்தத்தான் வேண்டும்.

3. ஹோமர் ப்ரோ. இந்த மென்பொருள் அதே கணக்கைச் செலவோடு சேர்த்துப் போட்டு, எந்தக் கலவை மலிவு என்று வரிசைப்படுத்தும். காசு கட்டி வாங்குவது. சோதனைப் பதிப்பு போதும். டீசல் ஜெனரேட்டரின் குறைந்தபட்ச லோடை 30 சதவீதம் என்று கொடுங்கள். அதற்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் எஞ்சினில் கரி பிடிக்கும்.

4. பாண்டாபவர். ஹோமர் கம்பியைப் பார்க்காது. லைன் கடைசி வீட்டில் வோல்டேஜ் ஏறுகிறதா என்று இந்த இலவச பைத்தான் நிரல் சொல்லும். பஸ் (கம்பிகள் சேரும் புள்ளி), லைன், லோடு (தேவை), சோலார் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓட்டுங்கள். விடையில் 1 என்பது இருக்க வேண்டிய வோல்டேஜ்; அதை ஒட்டி வந்தால் சரி, 1.08 (8 சதவீதம் அதிகம்) என்றால் கம்பியையோ இன்வெர்ட்டர் செட்டிங்கையோ மாற்ற வேண்டும்.

காற்று சட்டென்று விழும் சில நொடிகளில் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து எவ்வளவு இறங்கும் என்பது இதில் தெரியாது. அதற்கு பவர்ஃபேக்டரி மாதிரி மென்பொருள் வேண்டும், விலை ஜாஸ்தி. எக்செல் வரிசையில் டீசல் எந்த மாதம் அதிகம் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு அந்தப் பக்கம் போங்கள்.