பழைய கேம்பர் வேனில் கூலண்ட் ஒழுகுகிறதா? சின்னக் கசிவை நீங்களே சரிசெய்யலாம்

என்னிடம் இருப்பது 1987-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் டி3 கேம்பர் (உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வேன்), 2.1 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். நான் இருப்பது ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம். எஞ்சின் வண்டிக்குப் பின்னால், ரேடியேட்டர் முன்னால், இரண்டுக்கும் நடுவில் வண்டியின் அடிவயிற்றோடு நீளமாக இரண்டு குழாய்கள். அதனால் இதில் ஓடும் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மட்டும் 17 லிட்டருக்கு மேல். சாதாரணக் காருக்குச் சொல்லப்படும் முறையைப் பார்த்து இந்த வண்டியில் கை வைத்தால் பாதி வேலைதான் முடியும். மீதிப் பாதி உள்ளே சிக்கும் காற்றை வெளியேற்றுவது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் அழுத்தம் கூடுதலாக இருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும், மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் வேலையை ஆரம்பியுங்கள். இன்னொன்று, கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாய், பூனை, குழந்தை கிட்ட வராத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது

டி3-ல் கூலண்டுக்கு இரண்டு டப்பா உண்டு. எஞ்சின் அறைக்குள் நீல மூடி போட்ட டப்பா எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டும். இரண்டாவது பின்பக்க நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பிளேட்டை மடக்கினால் தெரியும். அளவுக்கோடு இதில்தான் இருக்கும், வாரத்துக்கு வாரம் அளவு இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். (அதே பிளேட்டுக்குப் பின்னால்தான் எஞ்சின் ஆயில் ஊற்றும் வாயும் இருக்கிறது. அவசரத்தில் மாற்றி ஊற்றிவிடாதீர்கள், அப்புறம் இந்தப் பதிவு உங்களுக்குப் போதாது.)

ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் ஈரம் எந்த இடத்தில் என்று பார்த்து, அதற்கு நேர் மேலே டார்ச் அடித்துத் தேடுங்கள். கூலண்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தது போலப் பொருக்கு ஒட்டியிருக்கும். ஈரத்தைவிட அந்தப் பொருக்குதான் நம்பகமான சாட்சி, ஏனென்றால் ஒழுகிய நீர் குழாயோடு வழிந்து ஒரு முழம் தள்ளிச் சொட்டும், பொருக்கு மட்டும் பிறந்த இடத்திலேயே இருக்கும்.

ஒன்றும் தெரியவில்லையா? நீல மூடி இருக்கும் இடத்தில் பொருத்துகிற கைப்பம்பு வாடகைக்குக் கிடைக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.8 பார் வரை அடித்துக் கால் மணி நேரம் காத்திருங்கள். பம்பில் அழுத்தம் காட்டும் முள் இறங்கினால் காதைக் கொடுத்துக் கேளுங்கள், சில சமயம் சீறும் சத்தமே வழி காட்டிவிடும்.

இது சின்னக் கசிவுதானா?

ஹோஸ் (ரப்பர் குழாய்) முனை, அதை இறுக்கிப் பிடிக்கும் தகட்டு வளையமான கிளாம்ப், பிளாஸ்டிக் இணைப்பு, விரிசல் விட்ட டப்பா, மூடி என்றால் சின்ன வேலை. வாட்டர் பம்பின் தண்டுப் பக்கம் ஒழுகினால் பம்பையே மாற்ற வேண்டும். சிலிண்டர் ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில், அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும் இடத்தில் பொருக்கு இருந்தால், ஹெட்டைக் கழற்றாமல் தீராது. இந்த எஞ்சினில் அந்தக் கோட்டில் இருக்கும் ரப்பர் சீல் ஓரம் அரித்துப்போவது ஊரறிந்த சங்கதி. ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ஹோஸ்கள் கல்லாக இறுகுவது, டப்பாவில் விடாமல் குமிழி, ஆயில் மூடிக்கு அடியில் மோர் போன்ற வெளுத்த பசை, இவற்றில் எது இருந்தாலும் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கசிவை அடைக்கும் பொடி என்று கடையில் விற்பதை நான் தொடுவதில்லை. ஓட்டையை அடைக்கும், ஹீட்டரின் மெல்லிய குழல்களையும் சேர்த்து அடைக்கும்.

ஹோஸ் மாற்றும் வேலை

எனக்கு ஒழுகியது எஞ்சின் அறையில் டப்பாவுக்குப் போகும் ஒரு ஹோஸின் முனை. முன்பு யாரோ கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள், தகடு ரப்பருக்குள் கத்தி மாதிரி இறங்கியிருந்தது. ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்திவிட்டால் பழைய நிலைக்கு வர வேண்டும். உள்ளே நறநறவென்று நொறுங்கினாலோ, கொழகொழவென்று அமுங்கினாலோ மாற்றிவிடுங்கள். முனை மட்டும் கெட்டு மற்ற இடம் நன்றாக இருந்து, நீளமும் கையில் மிச்சம் இருந்தால், 2 சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டினாலும் போதும்.

அடியில் இரண்டு அகலமான தொட்டிகளை வையுங்கள், நினைப்பதைவிட அதிகமாகக் கொட்டும். கிளாம்பைத் தளர்த்த 7 மில்லிமீட்டர் சாக்கெட் இருந்தால் நல்லது; ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிக் கையைக் கிழிக்கும். ஒட்டிப்போன ஹோஸை இழுத்துப் பிடுங்காதீர்கள், ஹோஸ் மாட்டியிருக்கும் 35 வருடப் பிளாஸ்டிக் குழாய் மூக்கு டக்கென்று உடைந்து கையோடு வந்துவிடும். ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்தெடுங்கள், கத்தி முனை மூக்கில் கோடு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டின் வழியேதான் அடுத்த கசிவு வரும். மூக்கு உலோகமாக இருந்தால் நைசான உப்புத்தாளால் பொருக்கைத் தேய்த்து எடுங்கள், பிளாஸ்டிக்காக இருந்தால் ஈரத்துணியே போதும்.

புது ஹோஸின் உள்வாயைக் கொஞ்சம் கூலண்டால் நனைத்தால் வழுக்கிக்கொண்டு ஏறும். கிரீஸ் வேண்டாம், ரப்பருக்கு ஆகாது. மூக்கில் ஒரு மேடு இருக்கும், ஹோஸ் அதைத் தாண்டிப் போக வேண்டும், கிளாம்ப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே உட்கார வைத்தால் முதல் சூட்டிலேயே நழுவிவிடும். தகட்டின் ஓட்டைகளில் ரப்பர் லேசாகத் துருத்த ஆரம்பிக்கும்போது இறுக்குவதை நிறுத்துங்கள்.

நிரப்புவதும் காற்றை எடுப்பதும்

முதல் தடவை நான் கோட்டை விட்டது இங்கேதான். ஹோஸை அழகாக மாட்டிவிட்டு, டப்பா நிரம்பும்வரை ஊற்றிவிட்டு, உல்ம் போகும் ஏ8 நெடுஞ்சாலையில் ஏற்றம் ஏறினேன். பாதி வழியில் வெப்பமானியில் இருக்கும் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. சாவியைத் திருப்பும்போது அது சில நொடி மினுக்கி அணைவது வழக்கம், ஓடும்போது மினுக்கினால் கூலண்ட் குறைவு அல்லது அளவுக்கு மீறிய சூடு. ஓரம் கட்டிப் பார்த்தால் எங்கும் ஒழுகவில்லை. முன்பக்க ரேடியேட்டருக்குள் காற்று நின்றுகொண்டு கூலண்டை வரவிடாமல் செய்திருக்கிறது.

ஆக, சரியான முறை இது. கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள், சுமார் மைனஸ் 35 டிகிரி வரை உறையாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், இந்தப் பக்கம் சுண்ணாம்பு அதிகம். கூலண்ட் ஜி11, ஜி12 போன்ற பாஸ்பேட் இல்லாத வகையாக இருக்கட்டும், உள்ளே ஏற்கெனவே இருப்பதோடு வேறு வகையைக் கலக்காதீர்கள்.

வண்டியின் மூக்கு மேலே போகும்படி நிறுத்துங்கள். 40 சென்டிமீட்டர் உயர்ந்தால் நல்லது. ஜாக்கியில் தூக்குவதாக இருந்தால் ஸ்டாண்டு வையுங்கள், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் தள்ளுங்கள், பின்சீட்டுக்கு அடியில் இன்னொரு ஹீட்டர் இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். முன்பக்க மேல் கிரில்லைக் கழற்றினால் ரேடியேட்டரின் உச்சியில் காற்றுத் திருகு தெரியும், அதைத் தளர்த்துங்கள்.

இனி இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பின்னால் நீல மூடி டப்பாவில் ஊற்றிக்கொண்டே இருக்க, எஞ்சினை ஸ்டார்ட் செய்து சுமார் 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்று) பிடியுங்கள். திருகிலிருந்து முதலில் காற்று வரும், அப்புறம் துப்பித் துப்பி நுரை, கடைசியில் குமிழி இல்லாத ஒரே தாரையாகக் கூலண்ட். அப்போது திருகை மூடுங்கள், பிறகு டப்பாவை விளிம்புவரை நிரப்பி நீல மூடியையும் போடுங்கள். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் டப்பாவில் மேல் கோடு வரை ஊற்றுங்கள்.

முன்பக்க ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும்வரை எஞ்சின் ஓடட்டும். இரண்டு ஹீட்டரிலும் சூடான காற்று வந்தால் கூலண்ட் எல்லா இடமும் போகிறது. குளிர்ந்தபின் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும், ஊற்றிக்கொள்ளுங்கள். மறுநாள் குளிர்ந்த நிலையில் புது கிளாம்பை இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள். எனக்குக் கால் சுற்று இடம் கொடுத்தது. தொட்டியில் சேர்ந்த பழைய கூலண்டைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் அடைத்து நகராட்சியின் நச்சுக்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

அட்டையை மட்டும் இன்னும் ஒரு வாரம் அடியிலேயே விட்டு வையுங்கள். என் அட்டையில் நான்காம் நாள் ஒரு கறுப்புச் சொட்டு விழுந்திருந்தது. தொட்டு முகர்ந்தேன். எஞ்சின் ஆயில்.