நரியைப் பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம்

படப்புத்தகத்துக்குக் கதை எழுதுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, படம் சொல்ல வேண்டியதையும் தாங்களே சொல்லிவிடுவது. என் மேசைக்கு வரும் கைப்பிரதிகளில் இப்படிப்பட்ட வாக்கியங்களை அடிக்கடி பார்க்கிறேன்: “சிவப்புப் பாவாடை கட்டிய மீனா, கொட்டும் மழையில் உடைந்த குடையைப் பிடித்தபடி அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவந்தாள்.” பாவாடை, மழை, குடை, கண்ணீர் எல்லாவற்றையும் ஓவியர் வரையத்தான் போகிறார். வரைந்த பிறகு அந்த வாக்கியத்துக்கு அங்கே என்ன வேலை? “மீனா வீட்டுக்கு வந்தாள்” என்றால் போதும். அதைவிட நல்லது, “எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாள் மீனா” என்று எழுதிவிட்டு, கன்னத்தில் வழியும் நீரைப் படத்திடம் விட்டுவிடுவது. அவள் பொய் சொல்கிறாள் என்பதை நான்கு வயதுக் குழந்தை தானே கண்டுபிடிக்கும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக் காட்டுவது 1968இல் வெளிவந்த, பேட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த ‘ரோசிஸ் வாக்’. ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருகிறது. மூலத்தில் மொத்தமே 32 சொற்கள், ஒரே வாக்கியம். படங்களிலோ தொடக்கம் முதலே கோழியின் பின்னால் ஒரு நரி. பாய்கிறது, குளத்தில் விழுகிறது, தலையில் மாவு கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்துகின்றன. எழுத்தில் நரி என்ற சொல்லே கிடையாது. வாசித்துக் காட்டும் அப்பாவின் வரிகளில் கோழியின் நடை மட்டும்தான். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்குத்தான் முழுக் கதையும் தெரிகிறது. ஓர் இடத்திலாவது “பாவம், பின்னால் நரி வருவது ரோசிக்குத் தெரியாது” என்று எழுதியிருந்தால், குழந்தையின் கையிலிருந்த கதையைப் பிடுங்கியதாக ஆகியிருக்கும்.

ஓவியர்கள் செய்யும் தவறு வேறு வகை. பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று பட்டாம்பூச்சி, பூ, நட்சத்திரம் என்று தூவி நிரப்பிவிடுகிறார்கள். அவற்றை எடுத்துவிட்டால் கதைக்கு ஒரு குறையும் வராது; அப்படியானால் அவை இருந்தும் பயனில்லை. 1947இல் கிளெமென்ட் ஹர்ட் வரைந்த ‘குட்நைட் மூன்’ புத்தகத்தைப் பாருங்கள். ஒரே படுக்கையறை திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் வண்ணப் பக்கங்களில் எல்லாம் ஒரு குட்டி எலி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. கடிகாரம் ஏழு மணியிலிருந்து எட்டுப் பத்துக்கு நகர்கிறது, ஜன்னலில் நிலா மேலே ஏறுகிறது, அறை மெல்ல இருட்டுகிறது. எலியைத் தேடும் குழந்தைக்கு, நேரம் ஓடுவதும் தூக்கம் நெருங்குவதும் யாரும் சொல்லாமலே புரிகின்றன.

தவறான விவரம் இதைவிட மோசம். தூக்கணாங்குருவிக் கதை என்றாலே அம்மா குருவி பாடுபட்டுக் கூடு பின்னுவதாக வரைகிறார்கள். பின்னுவது ஆண் குருவி. இனப்பெருக்கக் காலத்தில் அதன் உச்சந்தலையும் மார்பும் பளீரென்று மஞ்சளாக இருக்கும். கூட்டின் வாசல் குழாய்போலக் கீழ்நோக்கித் தொங்கும். பக்கவாட்டில் வட்ட ஓட்டை போட்டால் அது வேறு ஏதோ கூடு. ஊர்க்காக்கையின் கழுத்து சாம்பல் நிறம், அண்டங்காக்கைதான் முழுக்கக் கறுப்பு. எறும்புக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. “குழந்தைகளுக்குத்தானே” என்று இவற்றை விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கிணற்றடிப் பனைமரத்தில் நிஜக் கூட்டைப் பார்த்துவிட்டு வரும் குழந்தை, புத்தகத்தில் இருப்பதை இனி நம்புமா?

தொடர்ச்சியும் அப்படித்தான். மூன்றாம் பக்கத்தில் இடது முழங்காலில் இருந்த பிளாஸ்திரி ஐந்தாம் பக்கத்தில் வலது காலுக்குத் தாவினால், குழந்தை கதையை நிறுத்திவிட்டு முன்பக்கம் புரட்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உடை, தலைமுடி, காயம், கையில் உள்ள பொருள் ஆகியவற்றைக் குறித்த ஒரு தாளை ஓவியர் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது.

அச்சுக்குப் போகும் நேரத்துத் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரு பக்கப் படத்தின் நடுமடிப்பில் முகம் வரக் கூடாது. வந்தால் கண் உள்ளே போய்விடும். ஆச்சரியம் காத்திருக்கும் இடம் பக்கத்தைத் திருப்பிய பிறகே தெரிய வேண்டும், எதிர்ப்பக்கத்திலேயே புலியை வைத்துவிட்டால் “புதருக்குள் என்ன?” என்று கேட்டுப் பயனில்லை. பல மொழிகளில் வரும் புத்தகமென்றால் எழுத்துகளைக் கறுப்பு மையில் மட்டும் அச்சாகும்படி வைப்பார்கள். மொழி மாறும்போது கறுப்பு மைக்கான அச்சுத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். படத்துக்குள் வண்ணத்தில் “ஸ்கூல்” என்று ஆங்கிலப் பலகை வரைந்தால் அது எல்லா மொழியிலும் அப்படியே நிற்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், ஆங்கில வரிக்கு அளந்து விட்ட வெற்றிடம் தமிழுக்குப் போதாது. கடைசியில் வரி ஓடி ஆட்டுக்குட்டியின் காதை மறைக்கும்.

வாசித்துக் காட்டும் பெரியவர்களும் ஒரு தவறு செய்கிறோம். வரி முடிந்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். நமக்குப் பக்கம் முடிந்துவிட்டது, குழந்தைக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. குழந்தையின் கை பக்கத்தின் ஓரத்துக்கு வரும்வரை பொறுத்திருங்கள். திருப்புவது அதன் வேலையாக இருக்கட்டும்.

நானே பதிப்பித்த ஒரு புத்தகத்தை நூலகத்தில் சிறுவர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். பலமுறை மெய்ப்புப் பார்த்த புத்தகம். தாத்தா ஊரிலிருந்து எப்போது வருவார் என்று ஒரு பெண் காத்திருக்கும் கதை. இரண்டாம் படத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வாசல்படியின் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். அங்கே மற்றச் செருப்புகளோடு தேய்ந்துபோன ஒரு பெரிய ஜோடியும் கிடந்தது. ஓவியர் அதைப் பற்றி என்னிடம் சொன்னதே இல்லை, நானும் கவனித்ததில்லை.

“தாத்தா வந்துட்டார்” என்றாள் அவள் மெதுவாக. கதையில் தாத்தா கதவைத் திறக்க இன்னும் எட்டுப் பக்கங்கள் இருந்தன.