விலாக் குருத்தெலும்பின் விறைப்பை அளப்பது எப்படி?

விலா எலும்புகளை மார்பெலும்போடு இணைக்கும் விலாக் குருத்தெலும்பை நீளவாக்கில் பட்டையாக வெட்டி இழுத்துப் பார்க்கத்தான் முதலில் கை போகும். ஆனால் இதன் வெளிப்புற அடுக்கு இழுவிசையில் இருக்கிறது, உட்பகுதி அதைத் தாங்கி நிற்கிறது. ஒரு பக்கம் மட்டும் சீவினால் சமநிலை குலைந்து பட்டை வளையும். 1958இல் கிப்சன், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியது இதைத்தான். வளைந்த பட்டையைக் கவ்விகளில் நிமிர்த்திப் பிடித்தால், சோதனை தொடங்கும் முன்பே அதில் விசை ஏறிவிடும். அதனால் குறுக்குவெட்டுத் துண்டில் உருண்டை முனையை அழுத்தும் சோதனையே நல்லது.

நன்கொடையாளர் ஒப்புதலும் நெறிமுறைக் குழு அனுமதியும் பெற்ற மாதிரியையே எடுங்கள். வெட்டும் முன் சி.டி. ஸ்கேன் அவசியம். வயதாக ஆகச் சுண்ணாம்பு படியும்: ஆண்களுக்குப் பெரும்பாலும் ஓரங்களில், பெண்களுக்கு நடுவில். அந்தச் சுண்ணாம்புக் கட்டியின் மேல் முனை பட்டால் கிடைப்பது குருத்தெலும்பின் அளவே அல்ல.

10 மி.மீ. தடிமனில், இரு முகமும் இணையாக இருக்கும்படி வெட்டுங்கள். முகம் சாய்ந்திருந்தால் உருண்டை வழுக்கும். துண்டை 0.9% உப்புக் கரைசலிலேயே வையுங்கள், சோதனையும் அதற்குள்ளேயே நடக்கட்டும். காற்றில் உலர்ந்தால் விறைக்கும். வெறும் தண்ணீரில் போட்டால், உள்ளிருக்கும் எதிர்மின்னேற்ற மூலக்கூறுகள் நீரை இழுக்க, ஊதிவிடும்.

3 மி.மீ. ஆரமுள்ள எஃகு உருண்டையை, குருத்தெலும்பைச் சுற்றியுள்ள உறையிலிருந்து தள்ளி, வெட்டுமுகத்தின் நடுவில் தொடவிடுங்கள். 0.3 மி.மீ. ஆழம், ஒரே வினாடியில். உச்ச விசை சுமார் 2.5 நியூட்டன்தான் வரும். கிலோநியூட்டன் கணக்கில் அளக்கும் லோடு செல்லில் (விசை உணரியில்) அது இரைச்சலோடு கலந்துவிடும். 10 நியூட்டன் செல்லைப் பொருத்துங்கள். தொட்ட கணத்தைக் குறிப்பதில் 0.03 மி.மீ. பிசகினாலே விடை ஏறத்தாழ 15% மாறும்.

இனிக் கணக்கு. உருண்டை அழுந்தும் ஆழத்தையும் விசையையும் இணைக்கும் ஹெர்ட்ஸ் சூத்திரப்படி, பாய்சான் விகிதம் (அழுத்தும்போது பொருள் பக்கவாட்டில் எவ்வளவு விரிகிறது என்பது) 0.5 என்றால், இந்த அளவுகளுக்கு விசையை 1.98ஆல் பெருக்கினால் விறைப்பின் அளவான யங் குணகம் மெகாபாஸ்கலில் வரும்: 2.5 நியூட்டனுக்கு 4.9. அந்த 0.5 நீர் வெளியேற நேரமில்லாத முதல் கணத்துக்கு மட்டுமே பொருந்தும். ஆழத்தை மாற்றாமல் பிடித்தால் விசை தளர்ந்துகொண்டே போகும். தளர்ந்த விசைக்கு விகிதத்தைக் குறைத்தே கணக்கிட வேண்டும்.

அதே இடத்தில் உடனே மறுபடி அழுத்தாதீர்கள். வெளியேறிய நீர் திரும்பி ஊற வேண்டும். அவசரப்பட்டால் இரண்டாவது அளவு முதலாவதோடு ஒத்துவராது.