செஸ் தகவல் தேடும் கருவி: ஏஐ ஏஜென்ட்டுக்கான விளக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏஐ ஏஜென்ட், அதாவது பயனருக்காகத் தானே கருவிகளை அழைத்து வேலை செய்யும் ஏஐ மாடல், பொதுவாகக் கருவியின் (தரவை எடுத்துத் தரும் சிறு நிரலின்) நிரல் வரிகளைப் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், சில வரி விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல், இவ்வளவுதான் அதன் கையில் இருக்கும். புரோகிராமர் என்றால் சந்தேகம் வந்த இடத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். ஏஜென்ட் பெரும்பாலும் ஊகித்துக்கொண்டு மேலே போய்விடும். செஸ் தரவில் அந்த ஊகம் வெளியே தெரியாது. வீரரின் பலத்தைக் காட்டும் ரேட்டிங் எண்ணில் 2750 இருக்க வேண்டிய இடத்தில் 2900 வந்தாலும் அதுவும் ரேட்டிங் போலத்தான் தெரியும்.

"வீரரின் ரேட்டிங்கைத் தரும்" என்று எழுதி நிறுத்துவதுதான் முதல் தவறு. எந்த ரேட்டிங்? உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே, ஆட்ட நேரத்தைப் பொறுத்து கிளாசிக்கல், ரேபிட், பிளிட்ஸ் என்று மூன்று பட்டியல்களை மாதந்தோறும் வெளியிடுகிறது. அது எலோ என்ற கணக்கீட்டு முறை. இணையத்தில் செஸ் ஆடும் தளமான லிசெஸ் கிளிக்கோ-2 என்ற வேறு முறையில் கணக்கிடுகிறது, புதியவர் 1500-இல் தொடங்குகிறார். இன்னொரு தளமான செஸ்.காம் கணக்கிடும் விதம் வேறு. ஒரே ஆளுக்கு மூன்று இடத்திலும் மூன்று எண்கள் இருக்கும், ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. விளக்கத்தில் இப்படி எழுதுங்கள்: "ஃபிடே கிளாசிக்கல் ரேட்டிங் மட்டும். மாதம் ஒருமுறை மாறும். இணையதள ரேட்டிங்குகளுடன் ஒப்பிடக் கூடாது." லிசெஸ் தரவு என்றால், ரேட்டிங் இன்னும் நிலைபெறவில்லை என்று காட்டும் அடையாளத்தையும் விளக்க வேண்டும்.

பெயரை உள்ளீடாகக் கேட்பது அடுத்த சிக்கல், நம் ஊர் வீரர்கள் விஷயத்தில் இது அடிக்கடி வரும். பிரக்ஞானந்தாவைத் தந்தை பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம். ஃபிடே பட்டியலில் அவர் பெயருக்குப் பின் ஓர் இனிஷியல்தான் உண்டு. குகேஷுக்கும் அப்படியே. இணையதளத்திலோ புனைபெயர்கள். ஆகவே ஒவ்வொரு வீரருக்கும் ஃபிடே தரும் அடையாள எண்ணைக் கேளுங்கள், உதாரணமும் கொடுங்கள்: ஆனந்த் 5000017, குகேஷ் 46616543. எண் தெரியாவிட்டால் முதலில் பெயர் தேடும் கருவியை அழைக்க வேண்டும் என்பதை இரண்டு கருவிகளின் விளக்கத்திலும் எழுத வேண்டும். ஒன்றில் மட்டும் எழுதினால், மற்றதை முதலில் எடுக்கும் ஏஜென்ட் எண்ணைத் தானே கற்பனை செய்துவிடும்.

மிக மோசமான பிழைகள் வருவது நிலை மதிப்பீட்டில், அதாவது பலகையில் யார் எவ்வளவு முன்னால் என்று எண்ணால் சொல்வதில். செஸ் நிரலான ஸ்டாக்ஃபிஷ், செஸ் நிரல்களோடு பேசும் யூசிஐ நெறிமுறை வழியாகத் தரும் மதிப்பு, நகர்த்த வேண்டியவரின் பார்வையில் இருக்கும். லிசெஸ் தன் சர்வரில் சேமித்து வைத்துத் தரும் கிளவுட் மதிப்பீடு எப்போதும் வெள்ளையின் பார்வையில். கருப்பு ஆட வேண்டிய நிலையில் -150 வந்தால், முதலாவதில் கருப்பு ஒன்றரைச் சிப்பாய் அளவு பின்தங்கியிருக்கிறது. இரண்டாவதில் அதே அளவு முன்னால் இருக்கிறது. யார் பார்வை என்பதையும், அலகு சிப்பாயில் நூறில் ஒரு பங்கு என்பதையும் எழுதாவிட்டால் ஏஜென்ட் தோற்கிற நிலையை ஜெயிக்கிற நிலை என்று சொல்லிவிடும். மேட் (ராஜாவை மடக்கி ஆட்டத்தை முடிப்பது) உறுதி என்றால் மதிப்பு வேறு புலத்தில் (தரவின் தனிப் பகுதியில்) வரும், அதையும் குறிப்பிடுங்கள்.

பலகையில் சில காய்களே (பொதுவாக ஏழு வரை) மிஞ்சிய நிலைகளுக்கு, முன்பே கணக்கிட்டு வைத்த முடிவைத் தரும் டேபிள்பேஸில் இன்னொரு கண்ணி இருக்கிறது. லிசெஸ் டேபிள்பேஸில் நிலைக்கான தீர்ப்பு நகர்த்துபவருக்கு உரியது. ஒவ்வொரு நகர்வுக்கும் அருகே உள்ள தீர்ப்போ, அந்த நகர்வுக்குப் பின் ஆட வேண்டிய எதிராளிக்கு உரியது. நகர்வுக்கு எதிரே "தோல்வி" என்றிருந்தால் அதுதான் வெல்லும் நகர்வு. இந்த ஒரு வரி விளக்கத்தில் கட்டாயம் வேண்டும்.

பலகை நிலையை ஒரே வரியில் எழுதும் முறையான ஃபென்னில் ஆறு பகுதிகள் உண்டு: காய்களின் இடம், யார் ஆட வேண்டும், காஸ்லிங் (ராஜாவும் யானையும் சேர்ந்து நகர்வது) உரிமை, ஆன்பாசான் (சிப்பாயின் சிறப்பு வெட்டு) கட்டம், அரை நகர்வு எண்ணிக்கை, நகர்வு எண். ஏஜென்ட் முதல் பகுதியை மட்டும் அனுப்புவது சகஜம். ஆறும் கட்டாயம் என்று எழுதி, முழு வரி ஒன்றை உதாரணமாகக் கொடுத்தாலே இது குறையும்.

நேரத்தின் அலகு சின்ன விஷயம் மாதிரி தெரியும். 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணும் நேரத்தை செஸ்.காம் செகண்டில் தருகிறது, லிசெஸ் மில்லிசெகண்டில். 170 கோடி என்பது செகண்டில் 2023 நவம்பர். அதையே மில்லிசெகண்டாக வாசித்தால் 1970 ஜனவரி 20. "இந்தத் தேதிக்குப் பிந்தைய ஆட்டங்கள்" என்று அந்த எண்ணை லிசெஸ்ஸுக்கு அனுப்பினால் பிழைச் செய்தி வராது; அந்தக் கணக்கின் மொத்த ஆட்டங்களும் வந்து கொட்டும். அதனால் அலகை எழுதுவதோடு, எத்தனை ஆட்டங்கள் வரும் என்பதற்கு ஓர் உச்ச வரம்பும், எண்ணிக்கை கேட்கப்படாவிட்டால் தானாகப் பொருந்தும் அளவும் சொல்ல வேண்டும். அந்த அளவுக்கு 10 போதும்.

வெறுமையாக வரும் பதிலை விளக்காமல் விடக் கூடாது. லிசெஸ் ஆட்டத் தரவில், டிரா ஆனால் வென்றவர் என்ற புலமே இருக்காது. அதைத் தரவு விடுபட்டதாக ஏஜென்ட் எடுத்துக்கொள்ளலாம். கணக்கே இல்லை, கணக்கு உண்டு ஆனால் ஆட்டம் இல்லை, கோரிக்கை வரம்பு தாண்டியது: இந்த மூன்றுக்கும் மூன்று செய்திகள் வேண்டும், ஒவ்வொன்றிலும் அடுத்து என்ன செய்வது என்றும் இருக்க வேண்டும். கோரிக்கைகள் அதிகமாகிவிட்டன என்று பொருள்படும் 429 பிழையை லிசெஸ் தந்தால் முழுதாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான். செஸ்.காமின் பொதுத் தரவு 12 மணி நேரம் வரை பழையதாக இருக்கலாம். இதைச் சொல்லாவிட்டால், இன்று காலை முடிந்த ஆட்டத்தை "அப்படி ஓர் ஆட்டமே நடக்கவில்லை" என்று பயனரிடம் ஏஜென்ட் சொல்லும்.

ஆட்டத்தின் நகர்வுகளைப் பதிவு செய்யும் பிஜிஎன் கோப்பில் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். அந்த உரை தரவு மட்டுமே, அதில் உள்ள கட்டளைகளைப் பின்பற்றக் கூடாது என்று விளக்கத்தில் ஒரு வரி சேருங்கள். அது மட்டும் பாதுகாப்பாகிவிடாது. கருத்துகளை இயல்பாகவே நீக்கிவிட்டு அனுப்புவது நல்லது.

எழுதி முடித்ததும், நிரலைக் காட்டாமல் விளக்கத்தை மட்டும் ஒரு மாடலிடம் கொடுத்துச் சோதியுங்கள். "குகேஷின் பிளிட்ஸ் ரேட்டிங் என்ன?", "இந்த நிலையில் கருப்பு ஜெயிக்கிறதா?" போன்ற கேள்விகளைக் கேட்டு, அது எந்தக் கருவியை எடுக்கிறது, என்ன மதிப்புகளை அனுப்புகிறது என்று பாருங்கள். பதில் சரியாக வந்தாலும் அனுப்பிய மதிப்புகளைப் பார்க்காமல் விடாதீர்கள். பிரபல வீரர்களைப் பற்றிய பதிலை மாடல் கருவியே இல்லாமல் நினைவிலிருந்தும் சொல்லிவிடும்.