செம்பருத்தியில் மாவுப்பூச்சியா? முதலில் எறும்பைக் கவனியுங்கள்

சென்னையில் சித்திரை வெயில் ஏற ஏற, மொட்டை மாடிச் செம்பருத்தியின் மொட்டுக்கடியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக்கொள்ளும். மருந்தைத் தேடும் முன் இரண்டு நிமிடம் தண்டையே பாருங்கள். எறும்புகள் வரிசையாக ஏறி, பூச்சியின் முதுகை உணர்கொம்பால் தட்டும். உடனே ஒரு துளி இனிப்பு நீர் வரும். செடியின் சாற்றை உறிஞ்சியது போக மிச்சம் அது. அதற்குக் கூலியாக, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை எறும்புகள் விரட்டிவிடுகின்றன. எத்தனை அழகான ஏற்பாடு! ஆனால் செடிக்குத்தான் கஷ்டம்.

ஆகவே எறும்பின் பாதையை அடைத்துவிடுங்கள். தண்டில் ஒரு துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் வாசலைனைத் தடவினால் போதும். சுவரைத் தொடும் கிளை ஒன்று இருந்தாலும் அது பாலமாகிவிடும், வெட்டிவிடுங்கள். தொட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு மட்டும் வேண்டாம், டெங்குக் கொசு முட்டையிடும்.

அப்புறம், அப்பியிருப்பதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மாவுப்பூச்சி போலவே வெள்ளையாக, ஆனால் பெரிதாக, வேகமாக நகரும் புழு இருந்தால் நசுக்காதீர்கள். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் குஞ்சு அது. பயிரைக் காக்கவென்றே 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த இனம்.